ஊருக்காக இருமியவள்

பத்தொன்பது நாள் விடாமல் பெய்த மழை ஓய்ந்த மறுநாள் காலையில் புக்கிட் காப்பூரில் ஒருவர்கூட இருமவில்லை.

அந்த ஊரில் அது சின்ன விஷயமில்லை. மூன்று பக்கம் சுண்ணாம்புக்கல் மலையும் நான்காம் பக்கம் ஆறுமாக அடைபட்டுக் கிடந்த அந்த ஊரில், குவாரியில் வெடி வைக்கிற நாளெல்லாம் வெள்ளைத் தூசி எழும்பி, மாரியம்மன் கோயில் கோபுரம், சூரா என்கிற சிறு தொழுகைக்கூடத்தின் தகரக் கூரை, சீனக் கோயிலின் சிவப்புத் தூண், கொடியில் காய்கிற துணி என்று எந்தப் பேதமும் பார்க்காமல் படிந்து, கடைசியில் மனிதர்களின் நெஞ்சுக்குள்ளும் போய்ப் படுத்துக்கொள்ளும். அங்கே சேவலுக்கு முன்னால் இருமல்தான் எழும். யார் வீட்டில் யார் விழித்துவிட்டார்கள், யாருக்கு இன்றைக்கு வேலைக்குப் போக முடியாது என்பதையெல்லாம் பக்கத்து வீடு இருமலை வைத்தே சொல்லிவிடும். அப்படிப்பட்ட ஊர் அன்றைக்குச் சத்தமில்லாமல் விடிந்ததும், ஜனங்கள் தங்களுக்குக் காது அடைத்துவிட்டது என்று நினைத்து வெளியே வந்து, கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் ஒரே ஒரு இருமல் கேட்டது. லியோங்கின் மருந்துக்கடைக்குப் பின்னால், அடுப்படியிலிருந்து. நிற்காமல்.

இருமியவள் தனபாக்கியம். அவளுக்கு முப்பத்தொன்பது வயது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் குவாரியில் பாறை சரிந்து புருஷன் போன பிறகு, பிள்ளைகுட்டி இல்லாதவளாக லியோங்கின் கடைக்கு வேலைக்கு வந்தவள். வேர்களை நறுக்குவாள், காய்ந்த ஆரஞ்சுத் தோலையும் இஞ்சியையும் போட்டுக் கஷாயம் கொதிக்க வைப்பாள், நோயாளிகள் துப்பிய வெள்ளைப் பீங்கான் கிண்ணங்களைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைப்பாள். தூங்குவதும் கடையின் பின்னறையில்தான்.

லியோங் சின்செ, அதாவது சீன வைத்தியர், நாடி பிடிப்பார், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பார். ஆனால் எதையும் முடிவு செய்வது சளியைப் பார்த்த பிறகுதான். கிண்ணத்தை ஜன்னலருகே கொண்டுபோய், வெளிச்சத்தில் ஒருபக்கம் சாய்த்து, நகை மதிப்பவர் மாதிரிக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்பார். வெள்ளையாக, தண்ணீராக இருந்தால் உள்ளே குளிர்ச்சி. மஞ்சளாகக் கெட்டித்திருந்தால் சூடு. இருமியதுமே நிறைய நிறைய வந்தால் ஈரம். கொஞ்சமாக, கஞ்சிப் பசை மாதிரி இழுபட்டு, வரமாட்டேன் என்று அடம்பிடித்தால் வறட்சி. நுரைத்திருந்தால் காற்று, அந்த ஆளை உடனே உட்கார வைத்துவிட வேண்டும், இல்லையென்றால் தலைசுற்றி விழுந்துவிடுவான். "நுரையீரல் வெறும் ஜாடி," என்பார் லியோங், தோட்டத்து ஜனங்களிடம் கற்ற தமிழில். "சளி பொறக்கிறது அங்க இல்ல. மண்ணீரல்ல. செரிக்காத சோத்துலயும் செரிக்காத கவலையிலயும் பொறந்து, மேல வந்து ஜாடியில உக்காந்துக்கும்."

அன்று காலை அவர் தனபாக்கியத்தின் கிண்ணத்தை ஜன்னலுக்குக் கொண்டுபோய், வழக்கத்தைவிட வெகுநேரம் நின்றார். கிண்ணத்துக்குள் மஞ்சளும் வெள்ளையும் நுரையும் பசையும் பலகாரத்தட்டு மாதிரித் தனித்தனியாக இருந்தன.

"ஒரே ஒடம்புல குளிரும் சூடும் வறட்சியும் ஈரமும் ஒரே வேளையில இருக்காது," என்றார். பிறகு சுண்டுவிரல் நகத்தால் சுட்டினார். "ஓரத்துல பச்சை இருக்கே, இது இட்ரிஸோடது. நாலு வருஷமா பாக்கிறேன். இந்த நுரை டீச்சரம்மா குழந்தையோடது. இது ரொட்டிக்கடைக்காரன். தனா, இதுல உன்னோடது ஒண்ணுமே இல்ல. இது ஊரோடது."

"ஊரோடது எதுக்கு எங்கிட்ட வருது?"

"தெனமும் ஊர்ச் சளியைக் கழுவுறது நீதானே. வழி தெரிஞ்ச எடத்துக்கு வந்திருக்கு."

தனபாக்கியம் வாயைத் துடைத்துக்கொண்டாள். "அடுப்புல கஷாயம் இருக்கு தவுக்கே," என்று சொல்லி உள்ளே போனாள். முதலாளியை அங்கே தவுக்கே என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஒரு வாரத்துக்குள் ஊர் இதற்குப் பழகிவிட்டது. மழைக்கும் வெயிலுக்கும் பழகுகிற மாதிரிப் பழகிவிட்டது. காலை ஏழு மணிக்கு லியோங் கிண்ணத்தோடு ஜன்னலோரம் உட்காருவார்; ஜனங்கள் அஞ்சடியில் வரிசையாக நின்று அவரவர் சளியின் சேதியைக் கேட்டுக்கொண்டு போவார்கள். "இட்ரிஸ், இன்னைக்கு மஞ்சள் கூடுதல், நேத்து டுரியான் தின்னியா?" என்பார் லியோங். கல்லுடைத்தே முதுகு வளைந்துபோன இட்ரிஸ் வெட்கத்தோடு சிரித்து, "மூணு சுளைதான்," என்பார். சேதி அவர்களுக்கு, கஷாயம் தனபாக்கியத்துக்கு. சூட்டுக்கு ஒரு கிண்ணம், குளிருக்கு ஒரு கிண்ணம், வறட்சிக்குப் பேரிக்காய் போட்டது ஒன்று, ஈரத்துக்கு ஒன்று என்று வரிசையாகக் குடித்து, ஒன்று இன்னொன்றோடு வயிற்றுக்குள் மல்லுக்கட்ட, அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள்.

ஊரோ தழைத்தது. மூச்சு வாங்கியதால் நாதஸ்வரத்தை உறையில் போட்டு வைத்திருந்தவர் அதை வெளியே எடுத்தார். சூராவின் பாங்கோசை மலையில் மோதித் திரும்புகிற அளவுக்குத் தெளிந்தது. சீனக் கோயில் திருவிழாவில் கூத்துக்காரி ஒரே மூச்சில் பாடிய பாட்டை மூன்று தரம் திரும்பப் பாடச் சொன்னார்கள். சிகரெட்டை விட்டுவிட்டவர்கள் மறுபடி பிடித்தார்கள். குவாரி மேலாளர், தூசி அடங்க முன்பெல்லாம் தெளித்துவந்த கொஞ்சநஞ்சத் தண்ணீரையும் நிறுத்திவிட்டார். கேட்டவர்களிடம், "அதான் அந்த அம்மா இருக்காங்களே," என்றார். நன்றி கெட்ட ஊர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. தமிழ்ப் பெண்கள் வெள்ளிக்கிழமை அவள் வாசலில் மஞ்சள் தெளித்து எலுமிச்சை வைத்தார்கள், இருமலம்மா என்று பேர் வைத்தார்கள். சீனர்கள் ஆரஞ்சுப் பழத்தை ஜோடி ஜோடியாகக் கொண்டுவந்தார்கள். இட்ரிஸின் மனைவி வாழையிலையில் பொதிந்த புளூட் என்கிற பசையரிசிச் சோறு கொடுத்துவிட்டாள். தனபாக்கியம் எல்லாவற்றையும் வாங்கி வைத்தாள். தொண்டை எப்போதும் ரணமாக இருந்ததால் எதையும் தின்ன முடியவில்லை.

இரண்டாம் மாதம் தெலுக் இந்தானில் அவளுடைய சின்னம்மா இறந்துபோனாள். தனபாக்கியம் ஒரு பையில் புடவையை வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பஸ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும், நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்த யாரோ எழுந்து போனது மாதிரி இருந்தது. அவள் இழுத்த மூச்சின் சத்தத்துக்குக் கண்டக்டர் திரும்பிப் பார்த்தான். தொண்டை வலியில்லாமல் எச்சில் விழுங்கினாள். ஜன்னல் வழியாக வந்த காற்றை, பசித்தவள் சோறு தின்கிற மாதிரித் தின்றாள். துக்கத்துக்குப் போகிறோம் என்பதையே கொஞ்ச நேரம் மறந்துபோனாள்.

அவளுக்குப் பின்னால் ஊர் இருமத் தொடங்கியிருந்தது. தமிழ்ப் பள்ளித் தலைமையாசிரியை ஞானசுந்தரியின் எட்டு மாதப் பெண் குழந்தைக்கு மூச்சு அடைத்து உதடு நீலமாகிவிட்டது. குவாரி லாரியில் நாலு பேர் கிளம்பி, வழியெல்லாம் இருமிக்கொண்டே வந்து, தெலுக் இந்தானில் சாவு வீட்டு வாசலிலேயே அவளைப் பிடித்தார்கள். சின்னம்மாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை. லாரி பாலத்தைத் திரும்பத் தாண்டியபோது, ஊர் மொத்தமும் ஒரே நேரத்தில் அவள் நெஞ்சுக்குள் இறங்கியது.

யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். ஞானசுந்தரி டீச்சர் குழந்தையைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்து, "பாருங்கக்கா, இப்ப எப்படிச் சிரிக்கிறா," என்று மட்டும் சொன்னாள். குழந்தை தனபாக்கியத்தின் விரலைப் பிடித்துக்கொண்டது. அந்தச் சின்னப் பிடியை விடவே முடியாது என்று அவளுக்கு அப்போது தெரிந்தது.

அதற்குப் பிறகு அவளுக்கென்று ஒரு குழு ஏற்பட்டது. டீச்சர்தான் தலைவி. அவளைக் காவல் காப்பதாக யாரும் சொல்லவில்லை. துணைக்கு இருக்கிறோம் என்றார்கள். அஞ்சடியில் முறைபோட்டு ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கடைத்தெருவுக்கு அவள் போக வேண்டாம் என்று காய்கறியும் மீனும் வீடு தேடி வந்தன. பின்னறை ஜன்னலுக்குத் திருட்டுப் பயம் என்று சொல்லிப் புதுக் கம்பி அடித்தார்கள். கம்பிக்குப் பச்சை வர்ணம் பூசி, "உங்களுக்குப் பிடிச்ச கலர்தானேக்கா?" என்று கேட்டார்கள்.

ஊராரும் வெளியே போவதை விட்டுவிட்டார்கள். பாலத்தைத் தாண்டினால் அவரவர் இருமல் அவரவர் தொண்டைக்கு வந்துவிடும் என்பது வெளியே போய்வந்தவர்கள் மூலம் தெரிந்துவிட்டது. ஈப்போவில் வேலை பார்த்தவர்கள் வேலையை விட்டார்கள். வெளியூர்ச் சம்பந்தங்கள் முறிந்தன. பஸ் காலியாக வந்து காலியாகத் திரும்பியது. எதற்கு வெளியே போக வேண்டும், இங்கே என்ன குறை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அதைத் தினமும் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

வெளியிலிருந்து தவறாமல் வந்தவன் கண்ணுச்சாமி ஒருவன்தான். குவாந்தானிலிருந்து கருவாடு ஏற்றிவந்து இறக்கிவிட்டுச் சுண்ணாம்பு மூட்டை ஏற்றிக்கொண்டு போகிற லாரி டிரைவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். மனைவியை இழந்தவன். அந்த ஊர்க்காரன் இல்லையாதலால் அவனுடைய இருமல் அவனிடமே இருந்தது. சிகரெட் பிடிக்கிறவனின் வறட்டு இருமல், கதவைத் தட்டுகிற மாதிரி இரண்டு தட்டு. தன் இருமலைத் தவிர வேறு இருமலே இல்லாத ஊரில் அந்த இரண்டு தட்டு கேட்டால் தனபாக்கியம் நறுக்கிக்கொண்டிருக்கிற வேரை அப்படியே போட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள்.

"அந்த இருமலுக்கு மருந்து தரட்டுமா?" என்று லியோங் ஒருநாள் கேட்டார்.

"வேணாம் தவுக்கே. எங்கூடவே இருபது வருஷமா இருக்கு, தனியா வண்டி ஓட்டுறப்ப இதுதான் பேச்சுத்துணை," என்றான் கண்ணுச்சாமி.

தனபாக்கியம் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அவன் தண்ணீர் எடுத்துவந்து கொடுத்தான். யாருடைய இருமல் என்று கேட்கவில்லை. "வலிக்குதா?" என்று கேட்டான். ஆறு மாதத்தில் அதை யாரும் கேட்டிருக்கவில்லை.

அடுத்த முறை வந்தபோது அவன் நேராகவே கேட்டுவிட்டான். "கடல் பக்கமா ஒரு சின்ன வீடு இருக்கு. உப்புக் காத்துல தகரமெல்லாம் துருப்பிடிச்சிருக்கும், மத்தபடி நல்ல வீடு. நீங்க சரின்னு சொன்னா கல்யாணத்தைப் பதிஞ்சுக்கலாம். வர்றீங்களா?"

"நான் வந்தா இங்க ஒரு குழந்தை செத்துரும்."

கண்ணுச்சாமி தலையைச் சொறிந்தான். வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த துணையைப் பார்த்தான். ஜன்னல் கம்பியைப் பார்த்தான். "அப்ப நான் இங்க வந்துடுறேன்," என்றான். "வண்டி ஓட்ட எனக்கு எந்த ஊரா இருந்தா என்ன?"

சேதி கேட்டு ஊர் கொண்டாடியது. டீச்சர் அழைப்பிதழை எழுதினாள். குவாரி மேலாளர் கண்ணுச்சாமிக்கு ஊருக்குள்ளேயே லாரி ஓட்டும் வேலை கொடுத்தார். கடையின் மேல்மாடியில் தம்பதிக்கென்று ஓர் அறையை ஒழித்து வெள்ளையடித்தார்கள். அதன் ஜன்னலுக்கும் பச்சைக் கம்பி போட்டார்கள். தனபாக்கியம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் இரவல் புடவை உடுத்தியவள் மாதிரி அந்தச் சந்தோஷத்துக்குள் கூச்சத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது கண்ணுச்சாமி தன் துணிப்பெட்டியோடு வந்து சேர்ந்தான். மறுநாள் காலை தனபாக்கியம் கிண்ணத்தில் இருமினாள். எல்லா இருமலுக்கும் கடைசியில், கதவைத் தட்டுகிற மாதிரி இரண்டு தட்டு, அவள் தொண்டையிலிருந்து வந்தது.

லியோங் கிண்ணத்தைச் சாய்த்தார். "இது புதுசு. கொஞ்சம்தான், வறட்சி, நடுவுல சாம்பல் நெறம். சிகரெட்," என்றார்.

அஞ்சடியில் கண்ணுச்சாமி நின்றிருந்தான். நெஞ்சைத் தடவிக்கொண்டு, "என்னமோ லேசா இருக்கு தனம்," என்று சிரித்தான். அவன் இருமவில்லை. ஊரில் யாரும் இருமவில்லை. அவள் காத்திருந்து கேட்ட ஒரே ஒரு சத்தமும் அவளுக்குள்ளேயே வந்து அடைந்துவிட்டது.

ஜனங்கள் சேதி கேட்டுக் கலைந்த பிறகு அவள் கடைக்குள் வந்து, முதல் தடவையாக லியோங்கின் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கி, தானே ஜன்னலுக்குக் கொண்டுபோனாள். பன்னிரண்டு வருஷம் கழுவியவளுக்கு வாசிக்கவும் தெரிந்திருந்தது.

"இது இட்ரிஸ் அண்ணன். இது ரொட்டிக்கடை. இது குழந்தை. இது அவரு," என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து நிறுத்தினாள். "இந்தச் செவப்பு நூலு யாரோடது?"

"தெரியல," என்றார் லியோங்.

"மொத நாள்லேர்ந்து இருக்கு. நீங்க கிண்ணத்தைச் சாய்க்கிறப்ப அது மறையிற பக்கமாத்தான் சாய்க்கிறீங்க."

லியோங் மேஜைமேல் கிடந்த வேர்களை அடுக்கத் தொடங்கினார்.

"ஊர்ல எல்லார் பேரையும் சொல்றீங்க தவுக்கே. ஒங்க பேரை ஒரு நாள்கூடச் சொன்னதில்ல."

கிழவர் நோயாளிகள் உட்காரும் முக்காலியில் போய் உட்கார்ந்தார். "அந்த மழைக்கு முன்னாடியே பாத்துட்டேன்," என்றார். "செவப்பு நூலு, பழுப்பு ஓரம். எனக்கு இன்னும் மூணு மாசம்தான்னு கணக்குப் போட்டேன். மறுநாள் காலையில எனக்கு இருமலே இல்ல. ஒங்கிட்ட இருந்துச்சு."

"சரி. அது ஒங்க கையில இல்ல. இதை எறக்க வழி இருக்கா, இல்லையா? அதைச் சொல்லுங்க."

"இருக்கு."

அடுப்பில் கஷாயம் பொங்கி வழிந்தது. அவள் திரும்பவில்லை.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் நீ ஒரு பகல் ஒரு ராத்திரி இருந்தாப் போதும். சளிக்கு வந்த வழி மறந்துபோயிடும். அவங்கவங்களோடது அவங்கவங்களுக்கு. மொதல்ல பாடாப் படுத்தும், அப்புறம் மருந்துக்கு அடங்கும். டீச்சரம்மா குழந்தைக்கு அன்னைக்கே எங்கிட்ட மருந்து இருந்துச்சு. நொரைக்கு என்ன குடுக்கணும்னு எனக்குத் தெரியாதா? ஆனா ஒன்னைத் திருப்பிக் கொண்டாறதுக்கு லாரி கெளம்பினப்ப நான் வாயைத் தெறக்கல."

தனபாக்கியம் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "சின்னம்மா மொகத்தைக்கூட நான் பாக்கல," என்றாள். பிறகு, "ஒங்களை நல்லவருன்னு நெனச்சிருந்தேன்," என்றாள்.

"நானும் அப்படித்தான் நெனச்சிருந்தேன்," என்றார் லியோங்.

மறுநாள் காலை அவள் கிண்ணத்தைத் தொடவில்லை. கண்ணுச்சாமியிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தாள், லாரியைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் நிறுத்துங்கள் என்று. ஏன் என்று கேட்காமல் அவன் போயிருந்தான். அவள் புடவைப் பையோடு முன்வாசல் வழியாகவே இறங்கினாள். துணைக்கு உட்கார்ந்திருந்தவள் எழுந்து, "எங்கக்கா?" என்றாள். "ஆத்துக்கு அந்தப் பக்கம்," என்றாள் தனபாக்கியம். அவள் நடந்து பாலத்தை அடைவதற்குள் ஊர் அங்கே வந்துவிட்டிருந்தது.

ஒருவரும் அவள்மேல் கை வைக்கவில்லை. பாலத்தின் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை வெறுமனே நின்றார்கள். சிலர் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். ரொட்டிக்கடைக்காரன் ரொட்டி கொண்டுவந்திருந்தான். இட்ரிஸ் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் முன்னால் டீச்சர், இடுப்பில் குழந்தையோடு.

"கல்யாணத்துக்கு எல்லாம் தயாரா இருக்குக்கா. என்ன கொறை வச்சோம், சொல்லுங்க."

தனபாக்கியம் வாயைத் திறந்தாள். பேச்சுக்குப் பதில் இருமல் வந்தது. முந்நூறு பேரின் இருமல் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவளை மடக்கிக் குனிய வைத்தது. அவர்கள் பரிவோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் ஓடிவந்து அவள் முதுகைத் தடவிவிட்டாள். தடவிவிட்ட கை வழியை விடவில்லை.

அப்போது லியோங் வந்தார். ஒரு கையில் மருந்துப் பெட்டி, இன்னொரு கையில் வெள்ளைக் கிண்ணம். அவளை அழைத்துப்போக வந்திருக்கிறார் என்று நினைத்துக் கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. அவர் அவளைத் தாண்டினார். டீச்சரைத் தாண்டினார். பாய்களையும் ரொட்டிக் கூடையையும் தாண்டி, மெதுவாக நடந்து, பாலத்தின் அந்தக் கடைசியில் மண்ணில் காலை வைத்தார்.

உடனே அவரை இருமல் பிடித்தது. அவர் தொண்டையிலிருந்து அந்த ஊர் பல மாதமாகக் கேட்காத சத்தம் அது. கனத்து, கிழிந்து, நீண்டுகொண்டே போயிற்று. முட்டி போட்டு உட்கார்ந்து கிண்ணத்தில் துப்பினார். பிறகு அதை வெயிலில் தூக்கிப் பிடித்தார். மூச்சு திரும்பியதும், தினமும் காலையில் வாசிக்கிற அதே குரலில் வாசித்தார்.

"செவப்பு நூலு. அளவு கொஞ்சம். ஓரத்துல பழுப்பு. பேரு லியோங் ஃபூக் சாய், வயசு அறுபத்தேழு. ஏழு மாசமா இதை இந்தப் பொண்ணு நெஞ்சுல வச்சிருந்தேன். யாருக்கும் சொல்லல. இப்ப எடுத்துக்கிட்டேன்."

கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"டீச்சரம்மா," என்றார் லியோங். "குழந்தைக்கு மருந்து பெட்டியில இருக்கு. அன்னைக்கும் இருந்துச்சு. மூச்சு அடங்குற வரைக்கும் நான் பக்கத்துலயே இருப்பேன். பாவம் என்னோடது, அந்தப் பொண்ணோடது இல்ல."

கைப்பிடிச் சுவரிலிருந்து இட்ரிஸ் நிமிர்ந்தார். தனபாக்கியத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு, வளைந்த முதுகோடு பாலத்தின் அந்தப் பக்கம் நடந்தார். அங்கே போய் இருமிய இருமலில் அவர் உடம்பே குலுங்கியது. குலுங்கிக்கொண்டே திரும்பிக் கையை ஆட்டினார், போ தங்கச்சி என்கிற மாதிரி. பிறகு கூத்தில் மேளம் அடிக்கிற பெண் ஒருத்தி போனாள். நாதஸ்வரக்காரர் போனார். எல்லோரும் போகவில்லை. முக்கால்வாசிப் பேர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார்கள். ஆனால் போனவர்கள் நின்றிருந்த இடங்களில் ஒரு மனுஷி நடந்து போகிற அளவுக்கு இடைவெளி விழுந்தது.

"டீச்சர், வழி விடுங்க," என்றாள் தனபாக்கியம்.

"எனக்குப் பயமா இருக்குக்கா."

"எனக்கும்தான்."

டீச்சர் நகரவில்லை. குழந்தை வழக்கம்போல விரலுக்காகக் கையை நீட்டியது. தனபாக்கியம் அந்தக் கையை ஒருதரம் தொட்டுவிட்டு, டீச்சரைச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

பாலத்தின் நடுவில் லியோங் எதிரே வந்தார். பெட்டியோடு ஊருக்குள் திரும்பி ஓடிக்கொண்டிருந்தார். ஊருக்குள் வந்தால் அவர் இருமல் மறுபடி அவளுக்குப் போய்விடும், அவள் பாலத்தைத் தாண்டும்வரை, இன்னும் இருபது எட்டுக்கு. அந்த இருபது எட்டுக்கு அவர் வெட்கப்பட்டுத் தலை குனிந்துகொண்டார். அவள் நின்றாள்.

"போறேன் தவுக்கே," என்றாள். வழக்கமாக யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள், போய்ட்டு வரேன் என்றுதான் சொல்வார்கள்.

அவள் அந்தப் பக்கத்து மண்ணை மிதித்ததும் புக்கிட் காப்பூர் மொத்தமும் ஒரே தொண்டையாக இருமியது. பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளிலிருந்து கொக்குகள் கூட்டமாக எழுந்து பறந்தன. அந்தச் சத்தத்துக்குள் ஒரு குழந்தையின் அழுகை கேட்டது, நின்றது, அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள், மறுபடி கேட்டது. வீறிட்டு, கோபமாக, நல்ல மூச்சோடு. அதற்குப் பிறகுதான் லாரியில் ஏறினாள். கண்ணுச்சாமி சாவியைத் திருப்பும்போது இரண்டு தட்டு இருமினான். அவள் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். கேமரன் மலையடிவாரம் வரும்வரை அவன் வண்டியை நிறுத்தாமல் ஓட்டினான்.

அப்புறம் நடந்ததெல்லாம் கருவாட்டு வியாபாரிகள் மூலமாகவும் டீச்சர் எழுதிய ஒரே ஒரு கடிதத்தின் மூலமாகவும் குவாந்தானுக்கு வந்து சேர்ந்தது. குழந்தைக்கு மூன்று நாள் மிகவும் மோசமாக இருந்தது. லியோங் மூன்று நாளும் தூங்காமல் பக்கத்தில் இருந்தார். இப்போது அது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. லியோங் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் மருந்து கட்டிக் கொடுத்து முடித்து, அவள் போன ஐம்பத்திரண்டாம் நாள் இறந்துபோனார். அவர் சவப்பெட்டியைத் தூக்கியவர்கள் வழியில் நாலு தடவை இறக்கி வைத்து இருமினார்கள். இட்ரிஸ் மழைக்காலம் வரைதான் உயிரோடு இருந்தார். குவாரியில் வேலை செய்கிறவர்கள், இருமல் அவரவர் நெஞ்சுக்கே வந்துவிட்டதால், பதினோரு நாள் வேலைக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்து, பாறைக்குத் தண்ணீர் தெளிக்கக் குழாய் போட வைத்தார்கள். பஸ்ஸில் மறுபடி ஆட்கள் ஏறுகிறார்கள். கடிதத்தில் டீச்சர் மன்னிப்புக் கேட்கவில்லை, திரும்பி வரும்படியும் கேட்கவில்லை. தனபாக்கியம் அதை இரண்டு தடவை படித்து மடித்து வைத்தாள். இட்ரிஸ் அண்ணன் பேர் வந்த இடத்தில் மட்டும் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

கடல் வீட்டுக்கு வந்த முதல் வருஷம் முழுக்க அவள் ஒருதரம்கூட இருமவில்லை. வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கி, தகரக் கூரை படபடவென்று அடித்துக்கொண்ட ஒரு காலையில், வாசல் பெருக்கிக்கொண்டிருந்தவள் சட்டென்று நின்று இருமினாள். ஈரமான, சாதாரணமான, ஒரு சின்ன இருமல். கண்ணுச்சாமி காப்பியை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது.

"யாரோடது தனம்? ஆஸ்பத்திரிக்குப் போவமா?"

அவள் கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். இன்னொரு தடவை இருமி, தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டாள். இட்ரிஸ் இல்லை. குழந்தை இல்லை. லியோங் இல்லை. மனசுக்குள் முப்பது நாற்பது வீட்டுக் கதவுகளைத் தட்டித் தேடிப் பார்த்தும் அதற்குள் வேறு யாரும் இல்லை.

"இது என்னோடது," என்றாள். "கொஞ்ச நாள் இருந்துட்டுப் போகட்டும்."